குளிர்ஜுரத்தில் எழுந்தருளிய கிருஷ்ணன்

போன வாரம், ஸ்ரீஜயந்திக்கு முதல் நாள், எங்கள் வீட்டில் கிருஷ்ணனைக் காணோம்!

திருடன், போலீஸ் என்று கற்பனையை ஓட்டாதீர்கள். அவன் வாசற்படியைத் தாண்டவில்லை. கொல்லைத் தாழ்வாரத்தில், ஒரு நல்லெண்ணெய் டின்னுக்குள், புளியங்கொட்டைகளுக்கு நடுவே இருந்தான். டின் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டிருந்தார் என் மாமியார்.

இப்போது சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு? அழுகைதான் வந்தது.

முதலில் அந்த டின் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு 'இவரை' - என் கணவரைத்தான் சொல்கிறேன் - நன்றாகவே தெரியும். கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் டிராயிங் போடுகிற உத்தியோகம். மற்ற நேரமெல்லாம் வீட்டில் எதையாவது கழற்றுகிற உத்தியோகம். "கழற்றினதைத் திரும்ப மாட்டுவாரா?" என்று வையம்பட்டியிலிருந்து ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். மாட்டுவார் அம்மா, மாட்டுவார்... கடைசியில் இரண்டு ஸ்க்ரூ மிச்சம் இருக்கும், அவ்வளவுதான்.

கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு பழைய கிளப்பை மூடினார்கள். வெள்ளைக்காரர்கள் இருந்த காலத்துக் கிளப். சாமான்களை ஏலம் விட்டபோது விவரம் தெரிந்தவர்கள் பீரோ எடுத்தார்கள், ஈஸிசேர் எடுத்தார்கள். இவர் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தது என்ன தெரியுமா? ஒரு பின்பால் மெஷின்!

பார்த்திருக்கிறீர்களா? பொருட்காட்சிகளில் சில சமயம் வைத்திருப்பார்கள். கட்டில் நீளத்துக்குச் சாய்வான ஒரு மேஜை, மேலே கண்ணாடி. ஓரத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு தண்டு. அதை இழுத்து விட்டால் ஓர் எஃகு குண்டு சீறிக்கொண்டு மேலே போகும். அங்கே முட்டும், இங்கே முட்டும். முட்டுகிற இடத்திலெல்லாம் மணி அடிக்கும், பல்பு எரியும், நம்பர் ஏறும். பக்கத்துப் பொத்தான்களை அமுக்கி, குண்டு கீழே குழியில் விழாமல் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். விளையாட்டே அவ்வளவுதான். இதற்குத் துரைமார்கள் வரிசையில் நின்றார்களாம்!

எங்கள் வீட்டுக்கு வந்த மெஷினில் மணியும் அடிக்கவில்லை, பல்பும் எரியவில்லை. கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரே துரு. கம்பி, வளையம், ஆணி, தண்டு... எல்லாவற்றையும் இவர் கழற்றித் தாம்பாளத்தில் பரப்பினார். எந்தத் தாம்பாளம் என்று கேட்காதீர்கள். என் கல்யாணத்தில் சீர் வைத்த தாம்பாளம்.

மண்ணெண்ணெயும் உப்புத்தாளுமாக உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் தேய்த்தார். ஒரு பிடி ஆணி பளபளத்தது. பத்து நகமும் கறுத்தது.

"இந்த வேகத்துல போனா, நீங்க ரிடையர் ஆற அன்னிக்குத்தான் முதல் குண்டு ஓடும்" என்றேன்.

இவர் விட்டத்தைப் பார்த்தார். விட்டத்தைப் பார்த்தால் ஏதோ யோசிக்கிறார் என்று அர்த்தம். யோசித்தால் என் வீட்டுச் சாமான் ஒன்றுக்கு ஆபத்து என்று அர்த்தம்.

அந்தத் தடவை மாட்டியது மேஜை விசிறி. ஏற்கெனவே அதற்கு ஒரு இறக்கை ஒடிந்திருந்தது. ஸ்விட்சைப் போட்டால் உடம்பெல்லாம் உதறிக்கொண்டு, மேஜை மேலேயே தானாக நடந்து, கீழே குதிக்கப் பார்க்கும். அதை வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று, "கிடைச்சுடுத்து பத்மா!" என்று கத்தினாரே பார்க்கலாம்!

விஷயம் இதுதான். பெரிய பட்டறைகளில் சின்னச் சின்ன உலோக சாமான்களைப் பீப்பாயில் போட்டு உருட்டிப் பளபளப்பாக்குவார்களாம். வெளிநாடுகளில் இப்போது உருட்டுவதில்லையாம், அதிரவைக்கிறார்களாம். ஒரு தொட்டியில் சாமானையும் கூடவே கல்லையோ கொட்டையையோ போட்டு, தொட்டியை நடுங்க விட்டால் போதும். ஒன்றோடொன்று உரசி உரசித் தானாகவே மின்னுமாம். ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் படித்தாராம். இந்த மனிதர்களுக்கு யார்தான் பத்திரிகை சப்ளை செய்கிறார்களோ!

பழைய சோபாவிலிருந்து நாலு ஸ்பிரிங் வந்தது. அதன் மேல் ஒரு பலகை. பலகைக்கு அடியில் அந்த விசிறி மோட்டார் - இறக்கைகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றியாகிவிட்டது, அப்போதுதான் நன்றாக உதறுமாம். மேலே ஒரு நல்லெண்ணெய் டின். மூடி பறக்காமல் இருக்க, குறுக்கே ஓர் இரும்புப் பட்டை, இரண்டு பக்கமும் திருகு.

முதலில் காவேரி மணலைப் போட்டார். சாமானெல்லாம் கீறல். மரத்தூளைப் போட்டார். வீடெல்லாம் தும்மல். கடைசியில் என் புளிப் பானை பக்கத்தில் மூட்டையாகக் கிடந்த புளியங்கொட்டையில் கண் விழுந்தது. ஒரு பிடி தவிடும் சேர்த்துப் போட்டார். காலையில் போட்ட துருப்பிடித்த ஆணி, சாயங்காலம் வெள்ளி மூக்குத்தி மாதிரி வந்ததே! எனக்கே வாய் பிளந்துவிட்டது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

இவர் அதற்கு 'வைப்ரேட்டர்' என்று பெயர் வைத்தார். மாமியார் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். "என்னடா இது, குளிர்ஜுரம் வந்தாப்பல நடுங்கறது?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் குளிர்ஜுரம் என்றே பெயர்.

பக்கத்து வீட்டு வைதேகி மாமி காதுக்கு விஷயம் போயிற்று. போகாமல் இருக்குமா, சுவர் அல்லவா அதிர்கிறது! மறுநாளே பூஜைப் பித்தளை உத்தரணியோடு வந்து நின்றார். போட்டுக் கொடுத்தோம். திரும்ப வாங்கியபோது மாமி கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பாருங்கோ, மனுஷா கையே படலை! இதைவிட மடி உண்டோ?" என்று என் மாமியாரிடம் சொன்னார்.

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது என் மாமியார் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது எனக்குத் தெரியாது.

மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மடி, ஆசாரத்தில் எங்கள் உத்திர வீதியிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குளித்துவிட்டு, கொம்பால் எடுத்த மடிப் புடவையைக் கட்டிக்கொண்டு அவர் தளிகை உள்ளுக்குள் - சமையலறையைத்தான் சொல்கிறேன் - போய்விட்டால், எங்கள் நிழல்கூட அந்தப் பக்கம் நீளக் கூடாது. பஸ்ஸில் ஏறிவிட்டு வந்தால் குளிக்காமல் ஒரு சொம்பைத் தொட முடியாது.

அவருடைய உயிர் எங்கள் வீட்டுக் கோயிலாழ்வாரில் இருக்கிறது. பெருமாளை எழுந்தருளப் பண்ணியிருக்கும் மர அலமாரியைத்தான் அப்படிச் சொல்வோம். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைக் கிருஷ்ணன். தவழுகிற கிருஷ்ணன், ஒரு கையில் வெண்ணெய் உருண்டை. பிறந்த வீட்டிலிருந்து மாமியார் மடியில் கட்டிக்கொண்டு வந்தது. சின்ன வயசில் கணவரை இழந்து, ஒற்றைப் பிள்ளையை வளர்த்த அத்தனை வருஷமும் அவர் வாய்விட்டுப் பேசியது அந்தக் கிருஷ்ணனிடம்தான். 'அவன்' என்றால் எங்கள் வீட்டில் அவன்தான். பெற்ற பிள்ளை அப்புறம்.

ஒவ்வொரு ஸ்ரீஜயந்திக்கும் முதல் நாள் அவனைப் புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவது அவருடைய தனி உரிமை. இந்த வருஷம் கை முட்டியெல்லாம் வாயு பிடித்து வீங்கியிருந்தது. விரல் மடங்கவில்லை.

"நான் தேய்ச்சுத் தரேனே அம்மா" என்று கேட்டேன்.

"வேண்டாம். உன் கைக்கு வேகம் ஜாஸ்தி. அவன் மூக்கு தேஞ்சுடும்."

பதினெட்டு முழம் புடவையைத் துவைக்கும்போது இந்த வேகம் யார் கண்ணிலும் படுவதில்லை! முணுமுணுத்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சீடைக்கு வெண்ணெய், வெல்லம், எள், நாவல்பழம்... எல்லாவற்றுக்கும் காந்தி மார்க்கெட் போக வேண்டும். வாசலில் இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இன்னிக்கு அஞ்சு எஃகு குண்டையும் குளிர்ஜுரத்துல போட்டுட்டுப் போகப் போறேன். அதோட பாலிஷ் வேலை முடிஞ்சுது" என்று சந்தோஷமாகச் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு பஸ் பிடித்தேன்.

மார்க்கெட்டில் கூட்டம் சொல்லி முடியாது. "அக்கா, பழம் இப்பத்தான் வந்து இறங்குச்சு, பாத்து எடுத்துக்குங்க" என்று ஆளாளுக்குக் கூப்பிடுகிறார்கள். முடித்து, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நசுங்கி, வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்குள் நுழைந்தபோது உச்சி வெயில்.

தூரத்திலிருந்தே பார்த்தேன். கோயிலாழ்வார் திறந்திருக்கிறது. பீடம் காலி!

"அம்மா! கிருஷ்ணனைக் காணோமே!"

கொல்லைத் தாழ்வாரத்திலிருந்து நிதானமாகக் குரல் வந்தது.

"கத்தாதேடி. அவன் எங்கேயும் போகலை. குளிர்ஜுரத்துல ஏளப்பண்ணியிருக்கேன்."

ஓடினேன். மாமியார் டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பழைய கொட்டையெல்லாம் கொட்டிட்டேன். என் கையால புதுக் கொட்டை அலம்பித் தவிட்டோட போட்டு, டின்னையும் அலம்பி, அவனை நடுவுல ஏளப்பண்ணி மூடி வெச்சேன். யார் கையும் படப் போறதில்லை, வைதேகி சொன்னாப்பல இதைவிட மடி ஏது? பிள்ளைகிட்ட 'டேய், அதைக் கொஞ்சம் ஓட விடுடா'ன்னேன். 'அதுக்குத்தாம்மா போறேன்'னு அவனே வந்து ஸ்விட்சப் போட்டுட்டு ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடினான். நான் மடிப் புடவை உணத்திட்டு வந்து அப்பலேர்ந்து இங்கேயே உக்காந்துண்டிருக்கேன். காது குடுத்துக் கேளேன்... அவன் சதங்கை சத்தம் கேக்கறது பார்!"

காது கொடுத்துக் கேட்டேன். கேட்டது. கிணிங்... கிணிங்... கிணிகிணிங்...

புளியங்கொட்டை அப்படிச் சத்தம் போடாது. ஆணி போட்டாலும் போடாது. அது எஃகு குண்டு. ஒவ்வொன்றும் பெரிய நெல்லிக்காய் அளவு, தூக்கினால் கை தாழும். இவர் டின்னைத் திறந்திருக்கிறார். புதுக் கொட்டையைப் பார்த்து நான் மாற்றிவைத்ததாக நினைத்திருப்பார். அடியில் யார் எழுந்தருளியிருக்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஐந்து குண்டையும் மேலே போட்டு, ஸ்பேனரால் திருகி மூடிவிட்டுப் போய்விட்டார்!

காலையிலிருந்து அது அவன் மேல் இடித்துக்கொண்டிருக்கிறது.

பாய்ந்துபோய் ஸ்விட்சை அணைத்தேன். அடுத்து மூடியில் கை வைக்கப் போனேன்.

"தொடாதே!" மாமியார் அலறினார். "விழுப்பு! பஸ்ல வந்திருக்கே, மார்க்கெட்டுல யார் யாரையோ இடிச்சுண்டு வந்திருக்கே. உள்ளே பெருமாள் இருக்கார், தெரியறதா? போய் ஸ்நானம் பண்ணிட்டு வா."

"அம்மா, ஒரு நிமிஷம்..."

"ஸ்நானம் பண்ணாம ஒரு நிமிஷமும் கிடையாது."

அவர் திறக்கலாம் என்றால், அந்த விரல்களால் ஸ்பேனரைப் பிடிக்கவே முடியாது. நான் குளிக்கலாம் என்றால், கிணற்றில் இறைத்து, குளித்து, கொம்பை எடுத்து மடிப் புடவையைத் தள்ளி, கட்டிக்கொண்டு... அதற்குள் என் நெஞ்சு நின்றுவிடும். சொல்லாமல் மறைக்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் திறந்ததும் தெரியப் போகிறதே! மூக்கில்லாத கிருஷ்ணனை வைத்துக்கொண்டு எந்தக் கதையைச் சொல்வது?

"ஏண்டி, உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்திருக்கு?"

சொல்லிவிட்டேன்.

"அம்மா, அது சதங்கை இல்லை. உங்க பிள்ளை அந்த மெஷினோட இரும்பு குண்டையும் உள்ளே போட்டிருக்கார். அஞ்சு குண்டு."

முதலில் அவருக்குப் புரியவில்லை. "கிளப்புல இருந்துதே, அந்த குண்டா? குடிச்சுட்டு ஆடினாளே, அவா கை பட்டதா?" என்றார். சொல்லிக்கொண்டே இருக்கும்போது வாய் அப்படியே நின்றுவிட்டது. டின்னைப் பார்த்தார். தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"இடிச்சிருக்குமோ?"

நான் மறுபடி மூடியைப் பார்த்தேன்.

"குழந்தைடி அவன்... மூக்கு இத்துனூண்டுதான் இருக்கும்..."

குரல் உடைந்துவிட்டது. குளிக்கத்தான் போக வேண்டும் என்று கிணற்றுப் பக்கம் திரும்பினேன். அப்போது என் முந்தானையை யாரோ பிடித்து இழுத்தார்கள். மாமியார்! மடியோடு இருக்கிற மாமியார், பஸ்ஸில் வந்த என் புடவையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்!

"ஸ்நானமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். மடியாவது மண்ணாங்கட்டியாவது! திறடி, சீக்கிரம் திற!"

கல்யாணமாகி வந்த நாள் முதல் இப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நின்று ஆச்சரியப்பட நேரம் இல்லை. ஸ்பேனரைத் தேடினேன். எதுவும் வைத்த இடத்தில் இருக்காது என்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டமாயிற்றே... ஜன்னலில் இல்லை, டூல் பெட்டியில் இல்லை, கடைசியில் பின்பால் மெஷின் மேலேயே கிடந்தது. ஒரு திருகு கழன்றது. இரண்டாவது மக்கர் பண்ணியது. இவர் கையில் அன்றைக்கு என்ன பலமோ! புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு ஓர் அழுத்து அழுத்தினேன். கழன்றது.

மூடியை எடுத்தேன். மேலாகவே ஐந்து குண்டும் கன்னத்தோடு கன்னம் இழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன, கண்ணாடி மாதிரி. கொட்டைக்குள் புதையவே இல்லை! டின்னின் ஓரத்திலும், ஒன்றின் மேல் ஒன்றுமாக இடித்துக்கொண்டதுதான் அத்தனை கிணிகிணியும்.

கையை ஆழமாக விட்டேன். கொட்டை... கொட்டை... முதலில் ஒரு குட்டிக் கால் தட்டுப்பட்டது. அப்புறம் முதுகு. மெதுவாக எடுத்தேன். தவிட்டுப் பொடி அப்பியிருந்தது. முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, அப்படியே மாமியார் கையில் கொடுத்துவிட்டேன். அவர் தன் மடிப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

மூக்கு இருந்தது!

கண் இருந்தது. உதடு இருந்தது. கையில் வெண்ணெய் உருண்டை இருந்தது. அப்பாடா! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாமியார் அழுதார். நான் அழுதேன். அழுதுகொண்டே இரண்டு பேரும் சிரித்தோம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வைதேகி மாமி, "என்னாச்சு?" என்று குரல் கொடுக்க, "ஒண்ணுமில்லை, கிருஷ்ணன் பொறந்துட்டான்!" என்றார் மாமியார். ஸ்ரீஜயந்திக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.

இன்னொன்று. வருஷக்கணக்கில் எண்ணெய்க் காப்பும் சந்தனமும் படிந்து, புளி போட்டும் போகாமல் இடுக்கிலெல்லாம் கறுப்பு ஏறியிருந்தது. அது போய்விட்டது. கன்னத்துக் குழியும், உதட்டோரச் சிரிப்பும் இப்போதுதான் தெளிவாகத் தெரிந்தன. "எங்கப்பா ஆத்துல இருந்தப்போ இப்படித்தாண்டி சிரிச்சிண்டிருப்பான்" என்றார் மாமியார். சின்னப் பெண் மாதிரி இருந்தது அவர் முகம்.

திருப்பிப் பார்த்தேன். முதுகில் கடுகளவுக்கு ஒரு குழி. எந்த குண்டோ ஒரு தடவை எட்டிப் பார்த்துத் தட்டிவிட்டுப் போயிருக்கிறது. காட்டலாமா வேண்டாமா என்று தயங்குவதற்குள் அவரே பார்த்துவிட்டார். விரலால் தடவிப் பார்த்தார்.

"போறது போ. வெண்ணெய் திருடறவனுக்கு முதுகுல ஒரு அடிகூட விழலைன்னா எப்படி?"

அப்புறம் இரண்டு பேரும் தலைமுழுகினோம். அவனுக்கும் திருமஞ்சனம் ஆயிற்று. முந்தானையைப் பிடித்து இழுத்ததைப் பற்றி மாமியார் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருவருக்கு எது உயிர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பதறிப்போகும்போது எதைக் கீழே போடுகிறார், எதைப் பிடித்துக்கொள்கிறார் என்று பார்த்தால் போதும். அத்தனை வருஷத்து மடியை அவர் ஒரு நொடியில் கீழே போட்டார். மறுநாளே பழையபடி எடுத்துக் கட்டிக்கொண்டுவிட்டார், அது வேறு விஷயம். "மார்க்கெட் பையைத் தள்ளி வை" என்ற குரலைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

சாயங்காலம் இவர் வந்தார். கதையைக் கேட்டார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அம்மா முன்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திட்டு விழும் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்து, ஆவலோடு தளிகை உள் வாசலில் வந்து நின்றுகொண்டேன். என்ன இருந்தாலும் என் விசிறி போயிருக்கிறதே!

"அந்த குண்டுல ஒண்ணைக் குடு" என்றார் மாமியார்.

கொடுத்தார். அலம்பி, மஞ்சள் நீரில் முக்கி எடுத்து, கோயிலாழ்வாரில் கிருஷ்ணன் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"அம்மா! கிளப்பு குண்டும்மா அது!"

"அவனோட ஒரே டின்னுல நாள் பூரா ஆடியாச்சு. இனிமே அதுக்கென்ன தீட்டு? குழந்தைக்கு வெண்ணெய் மட்டும் போறுமா, விளையாட ஒண்ணு வேண்டாமா?"

மெஷின் இப்போது ஓடுகிறது. மணி அடிக்கிறது, பல்பு எரிகிறது, கூடம் அமர்க்களப்படுகிறது. ஆனால் நாலு குண்டு முடிந்ததும் அப்படியே நின்றுவிடுகிறது. ஐந்தாவது விழுந்தால்தான் ஆட்டம் முடிந்ததாகக் கணக்காம். இவர் அம்மாவிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தார்.

"அவன் ஆடி முடிச்சதும் குடுப்பான், வாங்கிக்கோ" என்றுவிட்டார் மாமியார்.

இன்று வரை கொடுக்கவில்லை.